துப்பாக்கிக் கண்காட்சிக் கூட்டத்தில் நடந்துகொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், அதிலும் டெக்சஸ், ஓக்லஹோமா பக்கம், வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்த தமிழர்களை அலுவலக நண்பர் யாராவது ஒரு வார இறுதியில் 'கன் ஷோ'வுக்குக் கூப்பிடுவது சகஜம். துப்பாக்கியைப் போலீஸ்காரர் தோளிலும் வங்கிக் காவலாளி கையிலும் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது. தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்வதுதான் அங்கே ஆபத்து. முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், அங்கே பழகியவர்கள் எதிர்பார்க்கும் மரியாதைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கன் ஷோ என்பது என்ன? யாரெல்லாம் வருவார்கள்?

ஊர்ப் பொருட்காட்சித் திடலிலோ மாநாட்டு அரங்கிலோ சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கும் சந்தை அது. நுழைவுக் கட்டணம் கட்டினால் யாரும் உள்ளே போகலாம். நீள நீளமாக டேபிள்கள் போட்டு, புதுத் துப்பாக்கி, பழைய துப்பாக்கி, தோட்டா, கத்தி, தோல் உறை, உதிரி பாகங்கள், பழைய ராணுவச் சாமான்கள், உலர்த்திய இறைச்சி எல்லாம் விற்பார்கள்.

இவற்றில் பெரியது ஓக்லஹோமாவின் துல்சா நகரில் ஏப்ரலிலும் நவம்பரிலும் நடக்கும் வானன்மேக்கர் ஷோ. ஒரே கூரையின் கீழ் சுமார் 11 ஏக்கர், 4,000-க்கும் மேற்பட்ட டேபிள்கள். ஒரே நாளில் சுற்றி முடிக்க முடியாது. விவசாயிகள், வேட்டைக்காரர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், பழம்பொருள் சேகரிப்பவர்கள், கைக்குழந்தையோடு வரும் இளம் தம்பதிகள் என்று எல்லா வகை ஆட்களும் வருவார்கள். லாஸ் வேகாஸில் ஜனவரியில் நடக்கும் 'ஷாட் ஷோ' வேறு. அது வியாபாரிகளுக்கு மட்டும். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

மற்ற சந்தைகளில் நடந்துகொள்வது போல நடந்துகொண்டால் போதாதா?

போதாது. மற்ற சந்தையில் மரியாதை தவறினால் ஒருவர் மனம் புண்படும், அவ்வளவுதான். இங்கே மரியாதையும் பாதுகாப்பும் ஒன்றே. துப்பாக்கியின் வாய் யார் பக்கம் திரும்புகிறது என்பதில்தான் அங்கே பண்பாடே தொடங்குகிறது. 'ப்ளீஸ்', 'தேங்க் யூ' எல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொன்றும் உண்டு. ஒருவரையொருவர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள். பாதிப் பேர் கையில் ஆயுதம் இருக்கிறது. இது பெரும்பாலும் அமைதியாக நடந்து முடிவதற்குக் காரணம் வாசலில் நிற்கும் காவலர்கள் மட்டும் இல்லை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் கவனமாக இருப்பார் என்று நம்பி, தானும் கவனமாக இருப்பதுதான். முதல்முறை போனாலும் அந்த நம்பிக்கையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

வாசலில் என்ன நடக்கும்?

கையோடு துப்பாக்கி கொண்டுவந்தவர்கள் அதைச் சோதனை மேசையில் காட்ட வேண்டும். தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின் பிளாஸ்டிக் கேபிள் டையைப் போட்டு, சுட முடியாதபடி கட்டிவிடுவார்கள். அந்த டை வெளியே வரும்வரை இருக்க வேண்டும். வாங்க நினைப்பவர் உள்ளே பார்க்கக் கேட்டால், டேபிள்காரரோ கண்காட்சி ஊழியரோ வெட்டட்டும், நீங்களாக வெட்டாதீர்கள்.

தோட்டாவைக் கழற்றுகிற வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு, பின்னால் ஐம்பது பேர் நிற்க, பையைத் திறந்து "இதில் தோட்டா இருக்கிறதா?" என்று தேடுவதைவிட மோசமான மரியாதைக் குறைவு அங்கே கிடையாது. 2013 ஜனவரி 19 அன்று வட கரோலினாவின் ராலே நகரக் கண்காட்சியில், ஒருவர் தன் ஷாட்கன் உறையைச் சோதனை மேசையில் திறந்தபோது துப்பாக்கி வெடித்து மூன்று பேர் காயமடைந்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு வந்தவர் இல்லை, விற்பதற்காகக் கொண்டுவந்தவர்தான். அதே நாளில் இண்டியானாபொலிஸில், கண்காட்சியிலிருந்து வெளியே வந்த ஒருவர் வாகன நிறுத்துமிடத்தில் கைத்துப்பாக்கியில் தோட்டா போடும்போது தன் கையையே சுட்டுக்கொண்டார். இரண்டும் அரங்குக்கு உள்ளே நடந்தவை அல்ல. நுழையும்போதும் கிளம்பும்போதும்தான் மனிதனுக்கு அவசரம் வருகிறது.

மாநிலச் சட்டப்படி இடுப்பில் வைத்திருக்க உரிமை உண்டே, உள்ளே கொண்டுபோகக் கூடாதா?

பெரும்பாலான கண்காட்சிகளில் தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. ஓக்லஹோமாவில் 2019 முதலும் டெக்சஸில் 2021 முதலும் உரிமம் இல்லாமலேயே எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் அரங்கை நடத்துபவர் போட்ட விதிதான் வாசலில் செல்லும். அங்கே நின்று சட்டம் பேசாதீர்கள். காவலர் விதியை எழுதியவர் அல்ல.

டேபிளில் இருப்பதைத் தொட்டுப் பார்க்கலாமா?

கேட்டுவிட்டுத் தொடலாம். "எடுத்துப் பார்க்கலாமா, சார்?" என்ற ஒரு கேள்வி போதும். அநேகமாக எல்லோரும் சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பார்கள், சிலர் அந்தத் துப்பாக்கியின் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். 'தொடாதீர்கள்' என்று அட்டை வைத்திருந்தால் கேட்கவும் வேண்டாம்.

ஏன் இத்தனை கெடுபிடி என்றால், பழைய துப்பாக்கிகளின் இரும்பில் நீலங்கலந்த கருமை பூசியிருக்கும். வியர்வைக் கையால் தொட்டுவிட்டுப் போனால் அந்த உப்பே துருப்பிடிக்கக் காரணமாகிவிடும். சேகரிப்பவர்களுக்கு அந்த அசல் பூச்சுதான் பாதி விலை. அதனால்தான் சில டேபிள்களில் கையுறை வைத்திருப்பார்கள்; சிலர் நீங்கள் திருப்பிக் கொடுத்தவுடன் எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தவரை மரப்பகுதியைப் பிடித்துத் தூக்குங்கள். ரைஃபிளை இரண்டு கையாலும் எடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் மூன்றும் கீறல் போடும். விலை உயர்ந்ததை வாங்கிப் பார்க்கும் முன் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போடுகிறவரைப் பார்த்தாலே டேபிள்காரரின் முகம் மலர்ந்துவிடும்.

எடுத்ததை அதே இடத்தில், அதே திசையில் வையுங்கள். காப்பிக் கோப்பையை டேபிளில் வைக்கவே வைக்காதீர்கள்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும் என்ன முறை?

தோட்டா அறை திறந்த நிலையில், உள்ளே காலி என்று இருவருக்கும் தெரியும்படி கைமாற வேண்டும். ரிவால்வர் என்றால் சிலிண்டர் (தோட்டாக்கள் செருகும் உருளை) வெளியே தள்ளியிருக்க வேண்டும். போல்ட் ரைஃபிள் என்றால் போல்ட் (தோட்டா அறையை மூடும் தாழ்) பின்னால். தானியங்கிக் கைத்துப்பாக்கி என்றால் முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) கழற்றி, அப்புறம்தான் ஸ்லைடை (முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தை) பின்னால் இழுத்துப் பூட்ட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைக் கழற்றினால், இடையில் ஸ்லைடு முன்னால் போய் ஒரு தோட்டா உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

கொடுப்பவர் உங்கள் கண்ணெதிரே சோதித்திருப்பார். ஆனாலும் வாங்கியவுடன் நீங்களும் ஒருமுறை உள்ளே பாருங்கள். நம் பழக்கத்தில் இது "உங்களை நம்பவில்லை" என்று சொல்வது போலத் தோன்றும். அங்கே நேர்மாறு. சோதிக்காமல் வாங்கிக்கொள்பவரைத்தான் அவர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள். எப்படித் திறப்பது என்று தெரியாவிட்டால், "எனக்கு இது பழக்கமில்லை, நீங்களே திறந்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். இதில் வெட்கமே வேண்டாம். பல்லாண்டு பழகியவர்களும் தெரியாத மாடலைக் கையில் எடுக்கும்போது இதையேதான் சொல்கிறார்கள்.

இத்தனை நெரிசலில் எந்தப் பக்கம்தான் திருப்புவது?

தரையை நோக்கியோ கூரையை நோக்கியோ. ஆட்களை நோக்கி ஒருபோதும் கூடாது. காலி என்று தெரிந்தாலும் கூடாது. இருபதாம் நூற்றாண்டில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் கடற்படைக் காலாட்படை அதிகாரி வகுத்த நான்கு விதிகளை இன்று துப்பாக்கி பிடிப்பவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதே என்று கொள், அழிக்க நினைக்காத எதையும் குழலின் வாய் நோக்க விடாதே, குறி பார்த்துச் சுடத் தீர்மானிக்கும்வரை விரலை விசைக்கு வெளியே வை, குறியையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். கண்காட்சியில் முதல் மூன்றும் ஒவ்வொரு நிமிடமும் வேலை செய்கின்றன.

எடை, வாகு பார்க்கத் தோளில் வைத்துப் பார்ப்பது சகஜம்தான். அதற்கும் கேளுங்கள். டேபிள்காரரே "அந்த மூலைக் கூரையைப் பார்த்துப் பிடியுங்கள்" என்று சொல்வார். அவருக்குப் பின்னால் திரைதானே இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த வரிசை, அங்கேயும் மக்கள். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டே நண்பரிடம் பேசத் திரும்புவது எல்லோரும் செய்யும் பிழை. உடம்பு திரும்பினால் குழலும் திரும்பும். பேச வேண்டுமா, முதலில் கீழே வையுங்கள்.

விசையை அழுத்திப் பார்க்கலாமா?

தனியாக அனுமதி கேட்க வேண்டும். எடுத்துப் பார்க்கக் கிடைத்த அனுமதி இதற்குப் பொருந்தாது. தோட்டா இல்லாமல் விசையை அழுத்துவது பல நவீனத் துப்பாக்கிகளுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் .22 ரிம்ஃபயர் வகையில், அதாவது தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் வகையில், உள்ளே இருக்கும் ஊசி, தோட்டா அறையின் விளிம்பில் போய் இடிக்கலாம். நூறு வயதான துப்பாக்கியில் ஊசியே ஒடியலாம்.

அப்புறம், சினிமாவில் செய்வதுபோல ரிவால்வர் சிலிண்டரை மணிக்கட்டால் வீசி மூடாதீர்கள். அதைத் தாங்கி நிற்கும் இரும்புக் கை வளைந்துவிடும். தானியங்கியின் ஸ்லைடைக் காலி அறையில் 'படார்' என்று விடாதீர்கள், கையால் பிடித்துக் கொண்டுபோய் மூடுங்கள். கோல்ட் நிறுவனத்தின் பழைய ரிவால்வரின் சிலிண்டரைக் 'கிளிக் கிளிக்' என்று சும்மா சுற்றினால் அதன்மேல் ஒரு கோடு விழும். 1873-இல் வந்த அந்தச் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி மாடலில் கோடு விழாத பழைய துப்பாக்கிக்கு விலையே வேறு. பாகங்களைக் கழற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பக்கத்தில் இருப்பவர் என் பக்கம் திருப்புகிறார். என்ன செய்வது?

முதலில் விலகுங்கள். அடுத்து, சாதாரணக் குரலில், "சார், குழல் இந்தப் பக்கம் வருகிறது" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் பதறி மன்னிப்புக் கேட்பார். கேட்கவில்லையென்றால் டேபிள்காரரிடம் சொல்லுங்கள். அவருக்கு அதைத் தடுக்கும் கடமை உண்டு. கையை நீட்டித் தட்டிவிடவோ பிடுங்கவோ வேண்டாம். அப்படிப் பிடுங்கும்போதுதான் விரல் விசைக்குள் போகிறது.

உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் விளக்கம் தேவையில்லை. "காலிதான்" என்று பதில் சொல்வதும் அங்கே பெரிய மரியாதைக் குறைவு. "மன்னிக்கவும்" என்று சொல்லிக் குழலைத் தாழ்த்துங்கள். விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்த துப்பாக்கியை இன்னொருவர் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் விலை கேட்கலாமா?

கூடாது. அவர் கையில் இருக்கும்வரை முதல் உரிமை அவருக்கு. புடவைக் கடையில் ஒருத்தர் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் புடவையை இன்னொருத்தர் இழுக்கக் கூடாது இல்லையா, அதே கணக்குதான். அவர் கீழே வைத்து நகர்ந்த பிறகு, "இதைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு "இதற்கு நான் ஐம்பது டாலர் கூடத் தருகிறேன்" என்று சொல்பவரை அந்த வரிசையே நினைவில் வைத்துக்கொள்ளும். "இதைப் போய் இந்த விலைக்கா வாங்குகிறீர்கள்?" என்று நடுவில் புகுந்து சொல்வதும் அதே வகைதான். உங்களுக்கு விவரம் தெரிந்திருக்கலாம். அவர் கேட்டால் சொல்லுங்கள்.

பேரம் பேசலாமா?

தாராளமாக. அமெரிக்காவில் பேரம் பேசுவதை எல்லோரும் எதிர்பார்க்கும் சில இடங்களில் கன் ஷோவும் ஒன்று. நமக்குக் கைவந்த கலை. ஆனால் தொனி வேறு. பொருளைக் குறை சொல்லி விலையைக் குறைக்கும் நம் ஊர் உத்தி அங்கே எடுபடாது. டேபிளில் இருப்பது பெரும்பாலும் அவரே தேடித் தேடிச் சேர்த்தது. பழிப்பது அவர் ரசனையைப் பழிப்பதாகிவிடும். "நல்ல துப்பாக்கி. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவுக்குத் தருவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ரொக்கத்துக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. அறுநூறு டாலர் போட்டிருப்பதை முந்நூறுக்குக் கேட்பது பேரம் இல்லை, அவர் நேரத்தை வீணாக்குவது. "இணையத்தில் இதைவிடக் குறைவு" என்ற வாக்கியத்தை எல்லா வியாபாரியும் அன்றைக்குப் பலமுறை கேட்டிருப்பார். டேபிள் வாடகை, விடுதிச் செலவு, பெட்ரோல் எல்லாம் போக அவருக்கு மிஞ்சுவது அதிகம் இல்லை.

விலை ஒத்துக்கொண்டு கை குலுக்கிவிட்டால் வாங்கியே ஆக வேண்டும். பணம் எடுத்து வருகிறேன் என்று போய்த் திரும்பாமல் இருப்பது அசிங்கம். மனம் மாறினால் போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு மதியம் விலை இறங்கும் என்பது ஓரளவு உண்மை. திரும்ப ஏற்றிக்கொண்டு போக யாருக்கும் விருப்பம் இல்லை. ஆனால் நல்ல சரக்கு சனிக்கிழமை காலையிலேயே போயிருக்கும்.

நடைபாதையில் சிலர் துப்பாக்கியைத் தோளில் மாட்டி, குழலில் விலைச் சீட்டுச் செருகிக்கொண்டு சுற்றுகிறார்களே?

அவர்கள் டேபிள் வாடகை கட்டாமல் தங்கள் சொந்தத் துப்பாக்கியை விற்க வந்தவர்கள். நிறுத்திப் பேசலாம், பேசும்போது ஓரமாகப் போய்விடுங்கள்.

ஒரு நுட்பமான விஷயம். அப்படிச் சுற்றுபவர் ஒரு டேபிளில் வியாபாரியிடம் தன் துப்பாக்கியைக் காட்டி விலை பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் குறுக்கே போகக் கூடாது. அந்த டேபிளுக்குக் காசு கட்டியவர் வியாபாரி. அவர் முதலில் பேசி முடிக்கட்டும். விலை ஒத்துவராமல் விற்க வந்தவர் நகர்ந்து, சற்றுத் தள்ளிப் போன பிறகு கூப்பிடுங்கள். அதேபோல நீங்கள் விற்க வந்திருந்தால், ஒரு வியாபாரியின் டேபிள் முன்னால் நின்றே அவருடைய வாடிக்கையாளருக்கு விற்காதீர்கள். அரங்கில் சண்டை வந்தால் பெரும்பாலும் இதில்தான் வரும்.

விற்பவர் என் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கிறார். சந்தேகப்படுகிறாரா?

இல்லை, சட்டத்தையோ மனசாட்சியையோ மதிக்கிறார். உரிமம் பெற்ற வியாபாரி என்றால் நீங்கள் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும்; அவர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். 1993-இல் வந்த பிரேடி சட்டத்தின் வழியாக 1998 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு இது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். 'தாமதம்' என்று வந்தால் வியாபாரியிடம் கோபப்பட்டுப் பயனில்லை. காரணம் அவருக்கே தெரியாது. நம்மவர்களின் நீளமான பெயரைப் படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

உரிமம் இல்லாத தனிநபர் விற்றால் கூட்டாட்சிச் சட்டப்படி இந்தச் சோதனை கட்டாயம் இல்லை. கலிஃபோர்னியா, கொலராடோ, நியூயார்க் போன்ற மாநிலங்கள் அதற்கும் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கன் ஷோக்களைப் பற்றி நாட்டில் நடக்கும் பெரிய சண்டை இதைப் பற்றியதுதான். கட்டாயம் இல்லாத மாநிலத்திலும் பொறுப்பான விற்பனையாளர் உங்கள் ஓட்டுநர் உரிமத்தைப் பார்ப்பார், எழுதிக் கையெழுத்து வாங்குவார், சிலர் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதி அட்டை இருக்கிறதா என்றும் கேட்பார். வேறு மாநிலத்தவருக்குத் தனிநபர் நேரடியாக விற்பது குற்றம் என்பதால் முகவரியைப் பார்த்தே ஆக வேண்டும். அவர் கேட்பது எனக்கு நிம்மதியைத்தான் தருகிறது. கேட்காமல் விற்பவரைவிட இவர்தான் நம்பத் தகுந்தவர்.

"பேப்பர் இல்லாமல் முடித்துக்கொள்ளலாமா?" என்று வியாபாரியிடம் விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். அதோடு பேச்சு நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா? கையில் எடுத்தாவது பார்க்கலாமா?

இந்தப் பக்கத்தில் தமிழர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இது. எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு), பி-2 (சுற்றுலா) போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையும் வாங்குவதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. சில விலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் பலரும் பயன்படுத்துவது. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை பொருந்தாது. மீறினால் சிறைத் தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். குடியேற்ற வாழ்க்கையும் அதோடு முடிந்துவிடும்.

கையில் எடுத்துப் பார்ப்பதையே 'வைத்திருப்பது' என்று வாதிட இடம் உண்டு. அதனால் விலக்கு இல்லாதவர்கள் கண்ணால் மட்டும் பாருங்கள். நண்பர் "பிடித்துப் பார்" என்று நீட்டினால் "விசா விதி, நான் தொடக் கூடாது" என்று நேராகச் சொல்லலாம். துப்பாக்கிக்காரர்கள் சட்டத்தை நன்றாக அறிந்தவர்கள், மதிப்பார்கள். நண்பரின் பெயரில் வாங்கித் தரச் சொல்வதோ, கணவர் பெயரில் முடியாததை மனைவி பெயரில் வாங்குவதோ வேண்டவே வேண்டாம். வாங்கத் தகுதியில்லாத இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவதற்கு 2022-இல் வந்த சட்டம் தனியாகவே 15 ஆண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது. உங்கள் நிலையில் ஐயம் இருந்தால் போகுமுன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

படம் எடுக்கலாமா?

பல கண்காட்சிகளில் தடை. தடை இல்லாத இடத்திலும் கேட்டு எடுங்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்பது வெளியே தெரிந்தால் வீட்டில் திருட்டு நடக்கலாம் என்ற பயம் சேகரிப்பவர்களுக்கு உண்டு. துப்பாக்கியின் வரிசை எண் பொறித்த பக்கத்தையும் ஆட்களின் முகத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போகிறார்கள். சிறுவர்களுக்குப் பல இடங்களில் கட்டணமும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டேபிள்கள் அவர்கள் கண் உயரத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். "கேட்காமல் தொடக் கூடாது" என்று காரிலேயே சொல்லிவிடுங்கள். தள்ளுவண்டி சனிக்கிழமைக் கூட்டத்தில் உங்களுக்கும் தொல்லை, மற்றவர்களுக்கும் தொல்லை.

பயன்படுத்திய துப்பாக்கியிலும் பழைய தோட்டாவிலும் ஈயத் துகள் ஒட்டியிருக்கும். அரங்கில் ஏதாவது வாங்கிச் சாப்பிடும் முன் பெரியவர்களும் பிள்ளைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கை துடைக்கும் ஜெல் கிருமிக்குத்தான், ஈயத்தைப் போக்காது.

பெண்கள் வந்தால் எப்படி நடத்துவார்கள்?

பெரும்பாலும் நன்றாகவே. ஒரு குறை இன்னும் இருக்கிறது: மனைவி கேட்ட கேள்விக்குக் கணவரைப் பார்த்துப் பதில் சொல்கிற டேபிள்காரர்கள் உண்டு. கூட வரும் ஆண்கள் அதற்குத் துணை போகாதீர்கள். "கேட்டது அவர்தான்" என்று சொல்லி விலகி நில்லுங்கள். "பெண்களுக்கு இதுதான் சரி" என்று ஒரு சின்ன ரிவால்வரை எடுத்து நீட்டுவதும் உதவி இல்லை. எடை குறைந்த துப்பாக்கிதான் கையை அதிகமாக உதைக்கும்.

நாஜிச் சின்னங்கள், அரசியல் வாசகங்கள் எல்லாம் இருக்குமாமே? நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?

இருக்கும். இரண்டாம் உலகப்போரில் தோற்ற ராணுவத்திடமிருந்து வீரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் லூகர் பிஸ்டல், பதக்கம் போன்றவற்றைச் சேகரிப்பது பழைய வழக்கம். அது வரலாற்று ஆர்வம். புதிதாக அச்சடித்த ஸ்வஸ்திகாக் கொடியை விற்பது அது இல்லை. அது வெறுப்பு, அப்படிச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. அப்படிப்பட்ட டேபிளில் நிற்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, வாக்குவாதமும் வேண்டாம். கடந்து போங்கள். நடத்துபவர்களிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம், கொடுப்பதே நல்லது.

மாநிறத்தவரைச் சிலர் உற்றுப் பார்ப்பார்கள். பலர் எங்கிருந்து வந்தீர்கள் என்று ஆர்வமாகக் கேட்பார்கள். முதல்முறை வந்திருக்கிறேன் என்று சொன்னால் நேரம் ஒதுக்கிச் சொல்லித்தரும் பெரியவர்கள் அங்கே நிறைய. யாராவது துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், உங்கள் கருத்து வேறாக இருந்தாலும், அந்த இடத்தில் வென்று காட்ட வேண்டியதில்லை. அதேபோல, அண்மையில் ஒரு பள்ளியிலோ கடையிலோ துப்பாக்கிச் சூடு நடந்திருந்தால் அதை வைத்து யாரும் கேலி பேசினால் சிரிக்காதீர்கள். அந்தக் கூட்டத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருக்கலாம்.

நடைபாதையில் கவனிக்க வேண்டியது?

வலப்பக்கம் நடங்கள். பழைய நண்பரைப் பார்த்தால் ஓரம் போய்ப் பேசுங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள். திரும்பும்போது டேபிளில் இருப்பதைத் தள்ளிவிடும். வாங்கும் எண்ணம் இல்லாமல் அரைமணி நேரம் டேபிளை மறித்துக் கதை பேசாதீர்கள். பின்னால் காசோடு ஒருவர் காத்திருப்பார்.

நினைவுக்கு ஒரு தோட்டாச் சாவிக்கொத்து வாங்கினேன். ஊருக்கு எடுத்துப்போகலாமா?

வேண்டாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு உயிர்த் தோட்டா பெட்டியில் இருந்தாலும் விமான நிலையத்திலேயே வழக்கு. மருந்து எடுத்த தோட்டாதான் என்று நீங்கள் சொன்னாலும், அதைச் சோதித்து முடிக்கும்வரை உங்கள் பயணம் நின்றுவிடும். கன் ஷோவுக்குக் கொண்டுபோன பையையே ஊருக்கும் கொண்டுபோகிறீர்கள் என்றால், பக்கவாட்டுப் பைகள் உட்பட எல்லாவற்றையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் துணி அடுக்குங்கள்.